வீட்டுப் பட்டறையில் கத்திக்குத் தோய்ச்சல்

(மார்த்தாண்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வட்டாரத்தில் கத்தி படாத தொழில் குறைவு. இருட்டு விலகுமுன் ரப்பர் தோட்டத்துக்குப் போகிறவர் கையில் பால்வெட்டும் கத்தி. பனையேறியின் இடுப்புப் பெட்டியில் பாளை அரிவாள். தேனடையின் மெழுகு மூடியைச் சீவ ஒரு கத்தி. தேங்காய்க்கும் விறகுக்கும் வாழைக்குலைக்கும் வீட்டு மூலையில் ஒரு வெட்டுக்கத்தி. சந்தையில் மீன் வெட்டுகிற அக்காமார் பலகையில் வைத்திருப்பது வேறொன்று.

பால்வெட்டும் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் மரத்தில் பால் ஊறும் குழல்கள் நெருக்கமாக இருப்பது பட்டையின் உட்பகுதியில். அதை ஒட்டி உள்ளே கேம்பியம் என்கிற மெல்லிய படலம் இருக்கிறது. மரம் தடிப்பதும் பட்டை திரும்ப வளர்வதும் அதனால்தான். கத்தி அந்தப் படலத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். மிஞ்சினால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, மறு சுற்று வெட்டுக்கு உதவாமல் போகும். ஒருவர் ஒரு காலையில் 300 மரத்துக்குக் குறையாமல் வெட்டுகிறார். நூறாவது மரத்திலேயே வாய் மழுங்கிவிட்டால், மிச்ச மரங்களில் கைப்பலத்தைக் கூட்டித்தான் இழுப்பார். காயம் விழுவது அப்போதுதான். கத்தியின் வாய் நிற்கிறதா என்பது மரத்தின் ஆயுளையும் அந்தத் தொழிலாளியின் தோள்பட்டையையும் சேர்ந்த விஷயம். பாளையை நாள்தோறும் மெல்லிசாகச் சீவுகிற பனையேறிக்கும் அப்படியே. வாய் சரியில்லாமல் பாளை நசுங்கினால் அக்கானி என்கிற பதநீர் இறங்காது. அரிவாளைப் பனை உச்சியில் வைத்துத் தீட்டிக்கொண்டிருக்கவும் முடியாது.

கத்திக்கு வடிவம் கொடுப்பது சம்மட்டியும் சாணையும். அந்த வடிவத்துக்குப் பலம் வருவதோ நெருப்பில் இருக்கும் சில நிமிடங்களிலும் எண்ணெயில் இறங்கும் சில நொடிகளிலும். இன்றைக்கு வீட்டுக் கொட்டகையில் கத்தி செய்யத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் பெல்ட் கிரைண்டர் வாங்கப் பணம் சேர்க்கிறார்கள். பிடிக்கு ஈட்டி மரமும் மான்கொம்பு மாதிரி பளபளக்கும் பிளாஸ்டிக்கும் தேடுகிறார்கள். சூட்டை மட்டும் ஒரு குத்துமதிப்பில் விட்டுவிடுகிறார்கள். இன்று உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றுதான். உங்கள் முதல் காசு வெப்பத்தை அளப்பதற்கும், அளந்த இடத்தில் அதை நிறுத்திப் பிடிப்பதற்கும் போகட்டும்.

இரும்புக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃகு என்பது கரி கலந்த இரும்பு. சாதாரணச் சூட்டில் இரும்பின் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தில் கரிக்கு இடம் கிடையாது. நூற்றில் ஒரு பங்கு கரி இருந்தாலும் அது தனியே, கார்பைடு என்ற கடினமான துகளாக ஒதுங்கி நிற்கும். 727 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அணுக்களின் அடுக்கு மாறுகிறது. புதிய அடுக்கில் கரிக்கு இடம் உண்டு. கார்பைடு கரைந்து இரும்புக்குள் பரவத் தொடங்கும். அந்த நிலையில் சட்டென்று குளிரவைத்தால் இரும்பு பழைய அடுக்குக்குத் திரும்பப் பார்க்கும். ஆனால் உள்ளே நுழைந்த கரிக்கு வெளியேற நேரம் கிடைக்காது. இரண்டும் இழுபறியில் உறைந்துபோன அந்த நிலைக்கு, ஜெர்மானியரான அடால்ஃப் மார்ட்டென்ஸின் நினைவாக மார்ட்டென்சைட் என்று பெயர். அரம் ஏறாத கடினம். அதே நேரம் கீழே விழுந்தால் உடையும். அதைப் பிறகு 200 டிகிரி சுற்றுவட்டாரத்தில் இரண்டு மணி நேரம் வாட்டி எடுத்தால் கடினம் கொஞ்சம் இறங்கும், உறுதி ஏறும். தோய்ச்சலும் வாட்டலும் இவ்வளவுதான்.

அக்கானி காய்ச்சுகிற வீட்டில் பிறந்தவர்களுக்குப் பதம் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பதம் எட்டாவிட்டால் கருப்பட்டி உறையாது, மிஞ்சினால் கருகும். ஆனால் பாகு நுரையிலும் நூலிலும் தன் பதத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எஃகு அவ்வளவு வெளிப்படையாகக் காட்டாது. 800 டிகிரிக்கும் 870 டிகிரிக்கும் உள்ள வித்தியாசம் பழகாத கண்ணுக்கு ஒரே சிவப்பு. கத்திக்கோ அது வாழ்வா சாவா என்ற வித்தியாசம்.

பழைய கொல்லர்கள் இதைக் கண்ணால் பார்த்துத்தான் செய்தார்கள். அதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பட்டறையை ஏன் இருட்டாக வைத்திருந்தார்கள்? வெயில் வெளிச்சத்தில் சிவப்பின் தரம் தெரியாது. நிழலான இடத்தில் சிரட்டைக்கரி உலையில் ஒரு கத்தியை மெல்லச் சூடாக்கிக் கவனித்துப் பாருங்கள். சீராக ஏறிவரும் சிவப்புக்குள் ஓரிடத்தில் மங்கலான ஒரு நிழல் தோன்றி, முனையிலிருந்து காம்பு நோக்கி நகரும். அணுக்களின் அடுக்கு மாறும்போது இரும்பு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தச் சில கணங்கள் அந்த இடம் பிரகாசிக்காமல் நிற்கும். அதுதான் அந்த நிழல். கத்தி ஆறும்போது இதற்கு நேர்மாறாக, மங்கிக்கொண்டு வரும் சிவப்பு நடுவில் ஒரு முறை தானாகவே பளிச்சென்று ஏறி அடங்கும். நல்ல ஆசாரி எந்தப் புத்தகமும் படிக்காமல் இந்த நிழலுக்காகக் காத்திருந்தார். இன்றைய கருவி காட்டும் எண்ணும் அவர் கண்ட நிழலும் சொல்வது ஒன்றைத்தான்.

இந்த அறிவு எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு வரலாற்றுச் செய்தி உண்டு. நம் நாட்டு உருக்கு, மேலைநாட்டார் ஊட்ஸ் என்று அழைத்த எஃகு, பழங்காலத்திலிருந்தே கடல் கடந்து போய்க்கொண்டிருந்தது. நொய்யல் கரையில் கொடுமணலிலும், தென்னார்க்காட்டுப் பக்கம் மேல்சிறுவாளூரிலும் அதை உருக்கிய மூசைகளும் கழிவுகளும் கிடைத்திருக்கின்றன. பிரெஞ்சு அறிஞர் ரியோமூர், எகிப்திலிருந்து கிடைத்த இந்திய எஃகுக் கட்டிகளைப் பாரிஸ் கொல்லர்களிடம் கொடுத்துப் பார்த்தார். ஒருவராலும் அதில் ஒரு கருவி அடிக்க முடியவில்லை என்று 1722இல் எழுதினார். அந்த எஃகில் கரி மிக அதிகம், நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் இருக்கும். அவர்கள் பழகியிருந்த இரும்பைப்போல வெண்சூட்டுக்குக் கொண்டுபோனால் பொடிந்துவிடும். குறைந்த சூட்டில், குறுகிய எல்லைக்குள் அடிக்க வேண்டும். பாரிஸ் கொல்லர்களின் கைத்திறனில் குறை இல்லை. அந்த எஃகுக்கு உரிய சூடு அவர்களுக்குத் தெரியவில்லை. பின்னாளில் ஒரு கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடே 1819இல் இதே எஃகைப் பகுத்தாய்ந்து கட்டுரை எழுதினார்.

இந்த மண்ணுக்கும் பெரிய உலைகள் புதிதல்ல. தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள், குளச்சல் போரில் 1741இல் பிடிபட்டு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டி லனோய் பீரங்கி வார்க்கும் உலை நடத்தினார். அவர் கல்லறையும் அங்கேதான். பார்க்காதவர்கள் ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

கண்ணால் முடிந்ததற்கு இப்போது கருவி எதற்கு என்று கேட்பீர்கள். எஃகு மாறிவிட்டது, அதனால்தான். அன்று ஆசாரிக்கு வந்த இரும்பு ஏறக்குறைய ஒரே குணமுள்ளது. இன்று நம் கைக்கு வருவது லாரிப் பட்டா, பழைய பேரிங், அறுவை மில் வாள், ஆன்லைனில் வாங்கிய டி2 பட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சூடு, ஒரு நேரம். லாரிப் பட்டாவில் இ.என்.45 வகையென்றால் கரி அரைச் சதவீதத்துக்குச் சற்று மேல், கூடவே சிலிக்கான். 870 முதல் 900 டிகிரி வரை அதற்கு வேண்டும். பேரிங் எஃகான இ.என்.31இல் கரி ஒரு சதவீதம், குரோமியமும் அதே அளவுக்குச் சற்று மேல். 815 முதல் 845 டிகிரிக்குள் பத்து நிமிடமாவது நிற்க வேண்டும். குரோமியம் பிடித்து வைத்திருக்கும் கார்பைடு மெல்லத்தான் கரையும். 900க்கு ஏற்றினால் தேவைக்கு மேல் கரி கரைந்து, குளிர்ந்த பிறகும் ஒரு பகுதி மென்மையாகவே நின்றுவிடும். டி2வுக்கு ஆயிரத்துக்கு மேல், அரை மணி நேரம். ஒரு நிழல் நகர்வதைப் பார்த்து எடுப்பது எளிய கரி எஃகுக்குப் போதும். 830 டிகிரியில் பத்து நிமிடம் அசையாமல் பிடித்து நிறுத்து என்றால், எந்தக் கண்ணும் எந்தத் துருத்தியும் அதைச் செய்ய முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய பட்டாவில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும். இருபது வருடம் லாரியைத் தாங்கிக் களைத்த இரும்பு அது. அடித்து, தேய்த்து, தோய்ச்சலும் போட்ட பிறகு அந்தக் கீறல் வாய் திறக்கும். கற்றுக்கொள்ள அது போதும். பனையேறுகிறவர் கையில் கொடுக்கப்போகும் கத்திக்கு, என்ன எஃகு என்று பெயர் தெரிந்த புதுப் பட்டையை வாங்குங்கள்.

இனி உலைக்கு வருவோம். வீட்டுப் பட்டறைக்கு மின்சார உலைதான் நல்லது என்பது என் முடிவு. ஒரு அடி நீளக் கத்தி வரை வைப்பதற்கு உள்ளே 40 சென்டிமீட்டர் ஆழமும் 11 சென்டிமீட்டர் அகல உயரமும் இருந்தால் போதும். சுவருக்கு, கையில் எடுத்தால் கனமே தெரியாத இன்சுலேஷன் செங்கல். அளவு 230, 115, 75 மில்லிமீட்டர். 1260 டிகிரி தாங்கும் தரம் கேட்டு வாங்குங்கள். அடுப்பு கட்டுகிற கனமான ஃபயர் பிரிக்கை யாராவது தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது தீயைத் தாங்கும், ஆனால் வெப்பத்தைத் தானே குடித்துக்கொள்ளும். இன்சுலேஷன் செங்கல் சாதாரண ரம்பத்துக்கே அறுபடும். பக்கச் சுவர்களில் சுருள் கம்பி உட்கார உருண்டையான அரத்தால் வாய்க்கால் இழுக்கலாம். அறுக்கும்போது மாஸ்க் கட்டாயம். வெளியே போர்த்தும் செராமிக் கம்பளியின் இழை அதைவிட மோசம். நுரையீரலுக்குள் போனால் எளிதில் வெளியே வராது. அதைத் தகட்டுக்கு உள்ளே மூடி வைத்துவிட வேண்டும்.

சுருளுக்குக் கான்தால் ஏ1 கம்பி. சுவீடனில் ஹான்ஸ் வான் கான்ட்ஸோ கண்டுபிடித்த இரும்பு, குரோமியம், அலுமினியம் கலவை. சூடேறும்போது மேலே அலுமினா தோல் ஒன்று பிடித்துக் கம்பியைக் காப்பாற்றும். கணக்கைக் கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு 16 ஆம்பியர் பிளக்குக்கு 3000 வாட் உலை ஏற்றது. 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். அதற்கு வேண்டிய மின்தடை 17.6 ஓம். 1.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஏ1 கம்பி மீட்டருக்கு 0.72 ஓம். ஆகவே 24 மீட்டருக்குச் சற்று மேல். மெல்லிசான கம்பியில் நீளம் குறையும், காசும் மிச்சம் என்று கணக்குப் போடாதீர்கள். அதே வாட் குறைந்த பரப்பில் இறங்கினால் கம்பி சீக்கிரம் அறுந்துபோகும். 1.6க்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் இரண்டரை வாட் அளவில் வரும், அது பத்திரமான அளவு. ஒருமுறை பழுக்கச் சூடேறிவிட்டால் இந்தக் கம்பி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு வளைக்கவோ இழுக்கவோ கூடாது. வளைவெல்லாம் உலையை முதல்முறை மூட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கிராமத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாயங்காலம் வோல்டேஜ் 190க்கு இறங்கினால் உலையின் பலம் 190க்கு இறங்குகிற விகிதத்தில் மட்டும் குறைவதில்லை. வோல்ட்டின் வர்க்கத்தோடு சேர்ந்து அது இறங்கும். 3000 வாட், 2050 வாட் ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்கு போயிற்று. உலை 800க்கு ஏறி மேலே போக மறுத்தால் கம்பியைச் சந்தேகிக்காதீர்கள், முதலில் மீட்டர் வைத்து வோல்டேஜைப் பாருங்கள். பகலில், பக்கத்து வீட்டு மோட்டார் ஓடாத நேரத்தில் வேலையை வைத்துக்கொள்வது புத்தி.

இப்போது நான் முதலில் வாங்கச் சொன்ன பொருள். கே வகைத் தெர்மோகப்பிள் ஒன்று, அது சொல்வதைக் கேட்டு மின்சாரத்தைத் திறந்து மூடும் பி.ஐ.டி. கன்ட்ரோலர் ஒன்று, நடுவில் எஸ்.எஸ்.ஆர். எனப்படும் அசையும் பாகம் இல்லாத ரிலே ஒன்று. மூன்றும் சேர்ந்து ஒரு சிறிய கிரைண்டரின் விலையை ஒட்டித்தான் வரும். தெர்மோகப்பிளின் முனை கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் இருந்தால் சுருளின் சூட்டைச் சொல்லும், கத்தியின் சூட்டைச் சொல்லாது. கத்தி கிடக்கும் உயரத்தில், அறையின் நடுப்பகுதியில், ஒரு அங்குலம் உள்ளே நீட்டியிருக்கட்டும். கன்ட்ரோலரில் ஆட்டோ டியூன் என்ற வசதி இருக்கும். காலி உலையில், நீங்கள் அதிகம் வேலை செய்யப்போகும் 830 டிகிரியில், ஒருமுறை அதை ஓடவிடுங்கள். இந்த உலை எவ்வளவு வேகமாக ஏறும், எவ்வளவு தாண்டிப்போகும் என்று அது தானே கற்றுக்கொள்ளும்.

கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். வீட்டிலேயே சோதிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று காந்தம். 770 டிகிரியில் இரும்பு காந்தத்துக்கு ஒட்டாது. சிறு ஆணியை உலையில் வைத்து, ஒவ்வொரு படியாக ஏற்றி, குறட்டால் எடுத்துக் காந்தத்தருகே காட்டினால் தெரியும். இதைவிடத் துல்லியமானது உப்பு. தூய உப்பு 801 டிகிரியில் உருகும். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் தூய சோடியம் குளோரைடு கேளுங்கள். நம் புத்தளத்து உப்பளத்துக் கல்லுப்பில் மக்னீசியமும் சேர்ந்திருக்கும், உருகும் இடம் இறங்கிப்போகும். ஒரு சிட்டிகையை முதலில் வாணலியில் ஈரம் போக வறுத்து, சின்ன எஃகு மூடியில் வைத்து உலைக்குள் தள்ளுங்கள். 790இல் நிறுத்திக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள், மணி மணியாக அப்படியே இருக்கும். பிறகு ஐந்து ஐந்து டிகிரியாக ஏற்றுங்கள். ஒரு கட்டத்தில் மணிகளின் ஓரம் மழுங்கி, ஒன்றோடொன்று சாய்ந்து, தெளிந்த சொட்டாகத் தேங்கும். அப்போது கருவி என்ன எண் காட்டுகிறதோ அதற்கும் 801க்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் உலையின் பிழை. அதை உலைக்கு மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.

உயிர் காக்கும் விஷயம் இரண்டு. கம்பிச் சுருள் மூடாமல் திறந்து கிடக்கும், அதில் 230 வோல்ட் ஓடும். இரும்புக் குறட்டோடு கையை உள்ளே விடுகிறவர்கள் நாம். ஆகவே கதவைத் திறந்ததும் மின்சாரம் அறுந்துபோக ஒரு லிமிட் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். அந்தச் சுவிட்ச் ஒரு கான்டாக்டரை இழுத்து இரண்டு கம்பியையும் துண்டிக்க வேண்டும். வெளித்தகட்டுக்கு எர்த்தும், லைனில் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் உலையை மூட்டாதீர்கள். இரண்டாவது, எஸ்.எஸ்.ஆர். கெட்டுப்போனால் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே கெடும். கன்ட்ரோலர் நிறுத்து என்றாலும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். உலையைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிற பழக்கம் வேண்டாம். வயரிங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

கேஸ் உலை வைக்கலாமா என்றால் வைக்கலாம், அடிப்பதற்கு அது நல்லது. வீட்டுச் சிலிண்டரை அதற்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். 19 கிலோ வணிகச் சிலிண்டர் எடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், தாழ்ந்த இடத்தில் தேங்கும். கரி உலையானாலும் கேஸ் உலையானாலும் மூடிய அறை ஆகாது. வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளை உட்கார்ந்த இடத்திலேயே சாய்த்துவிடும்.

சூடேறிய கத்தி இறங்க வேண்டிய இடம் எண்ணெய். தண்ணீரில் தோய்ப்பது நம் பழைய வழக்கம். எளிய கரி எஃகுக்கு அது பொருந்தும். லாரிப் பட்டாவையும் பேரிங்கையும் தண்ணீரில் இறக்கினால் வெடிப்பு விழ வாய்ப்பு அதிகம். பழைய இன்ஜின் ஆயிலில் ஈயமும் கரியும் என்னென்னவோ இருக்கும், அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது. நம் ஊரில் எல்லாரும் கேட்பது தேங்காயெண்ணெய் ஆகுமா என்றுதான். ஆகும். ஆனால் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் 180 டிகிரிக்கு முன்பே புகையத் தொடங்கும். சுத்திகரித்த கடலை எண்ணெய் அதைவிட ஐம்பது டிகிரி கூடுதலாகத் தாங்கும் என்பதால் நான் அதைத்தான் சொல்வேன். எண்ணெயை 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள். சூடான எண்ணெய் மெதுவாகக் குளிர்விக்கும் என்று தோன்றும், நடப்பது வேறு. சூட்டில் எண்ணெய் நீர்த்துப் போகும், கத்தியைச் சுற்றி வேகமாக ஓடும், ஆவிப்படலத்தைக் கலைக்கும். 300 கிராம் கத்தி ஒன்று ஐந்து லிட்டர் எண்ணெயின் சூட்டை 15 முதல் 20 டிகிரி ஏற்றும். ஆக, வரிசையாக நாலைந்து கத்தி இறக்கினால் எண்ணெய் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பாத்திரம் உயரமான இரும்புக் குழாயாக, அடி அகலமாக, சாயாததாக இருக்கட்டும். பிளாஸ்டிக் வாளி வேண்டவே வேண்டாம். பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில், பாத்திரத்தை முழுக்க மூடும் இரும்பு மூடி. தீப்பிடித்தால் மூடியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. கூரை ஒழுகி எண்ணெய்க்குள் தண்ணீர் சேர்ந்திருந்தால் அது அடியில் போய்த் தங்கும். பழுத்த கத்தி இறங்கியதும் அது ஆவியாகி எண்ணெயை மேலே வாரி வீசும். வேலை தொடங்குமுன் எண்ணெயைத் தனியாக 110 டிகிரி வரை மெல்லச் சூடாக்கிச் சடசடப்பு அடங்கும்வரை விட்டு, பிறகு ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.

உலைக் கதவுக்கும் எண்ணெய்க்கும் நடுவே ஒரு எட்டுக்கு மேல் தூரம் இருக்கக் கூடாது. கத்தியை முனை கீழாக, நேராக இறக்குங்கள். அசைப்பதானால் வாய் முன்னும் முதுகு பின்னுமாக, வெட்டுகிற திசையில் அசையுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் ஒரு பக்கம் முதலில் குளிர்ந்து வளைந்துவிடும். அப்படியும் வளைந்தால் பதற வேண்டாம். எண்ணெயிலிருந்து எடுத்த கத்தி 200 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை முழுக்கக் கடினப்படுவதில்லை. அந்தச் சில நொடிகளில் தடித்த கையுறையோடு நிதானமாக அழுத்தினால் நேராகிவிடும். அதைத் தாண்டினால் முறியும்.

கத்தி கையால் தொடும் சூட்டுக்கு வந்ததும் வாட்டலுக்குப் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று மேசையில் வைத்தால் இரவில் தானாகவே வெடித்துப்போவதும் உண்டு. வாட்டலுக்குத் தனி உலை தேவையில்லை, ஒரு ஓ.டி.ஜி. அடுப்பு போதும். அதன் திருகில் எழுதியிருக்கும் எண் உண்மையிலிருந்து இருபது டிகிரி விலகியிருக்கலாம். தட்டில் மணல் பரப்பி, மணலுக்குள் கத்தியைப் புதைத்து, அதே மணலில் தெர்மோகப்பிளையும் குத்தி வையுங்கள். மணல் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு மணி நேரமாக இரண்டு முறை. பால்வெட்டும் கத்திக்கும் பாளை அரிவாளுக்கும் இ.என்.31இல் 180 முதல் 200 டிகிரி. விறகு பிளக்கும் வெட்டுக்கத்திக்கு லாரிப் பட்டாவில் 250 வரை போகலாம். அதற்கு வாயின் நுணுக்கத்தைவிட அடி தாங்கும் உறுதி முக்கியம். மேலே தெரியும் வைக்கோல் மஞ்சளையும் ஊதாவையும் வைத்தே சிலர் முடிவு செய்கிறார்கள். அந்த நிறம் சூட்டோடு நேரத்தையும் எஃகின் வகையையும் பொறுத்து மாறும். துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம்.

சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்? எண்ணெயிலிருந்து வந்த கத்தியின் வாயில் நல்ல அரத்தை மெல்ல இழுத்தால் பிடிக்காமல் வழுக்க வேண்டும். மேல்தோல் கரி இழந்து மென்மையாகியிருக்கும், அதனால் இரண்டு மூன்று முறை இழுத்த பிறகே முடிவு சொல்லுங்கள். ஆனால் அரம் கடினத்தை மட்டும்தான் சொல்லும். உள்ளே இருக்கும் மணியை, அதாவது எஃகின் படிகத் துகளைப் பார்க்க ஒன்றை உடைத்துத்தான் ஆக வேண்டும். ஒரே பட்டையிலிருந்து விரல் நீளத் துண்டுகள் சில வெட்டி, ஒன்றை 800இலும் இன்னொன்றை 840இலும் வேறொன்றை 950இலும் தோய்த்து, வாட்டாமல், வைஸில் பிடித்துத் துணி சுற்றிச் சுத்தியால் தட்டுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். சரியான சூட்டில் தோய்த்த துண்டின் முறிவு, மணியே தெரியாத மங்கிய சாம்பல் நிறம். 950இல் தோய்த்தது மினுமினுவென்று மணி மணியாகப் பளபளக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த எஃகில் செய்த கத்தி தேங்காய் ஓட்டில் பட்டால் வாய் பொரிந்துபோகும். எல்லாமே சூட்டின் வித்தியாசம், எஃகு ஒன்றேதான். ஒரு புது எஃகு வாங்கினால் முதல் கத்திக்கு முன்னால் இந்தத் துண்டுகளைச் செய்யுங்கள். ஒரு சாண் பட்டை வீணாகும். அதற்குப் பிறகு எதுவும் வீணாகாது.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நாம் செய்வது தொழிற்கருவி. அந்த எல்லைக்குள்ளேயே இருங்கள். யார், எதற்கு, எப்போது வாங்கினார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாள் மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டு வருகிறவருக்கு இல்லை என்று சொல்லுங்கள். விற்பனைக்குச் செய்யத் தொடங்கினால் மின் இணைப்பின் வகையையும் மின்வாரியத்தில் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

அந்த நோட்டில் இன்னொரு பக்கமும் வேண்டும். எந்த எஃகு, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், எண்ணெய் எவ்வளவு சூடு, வாட்டல் எவ்வளவு, ஆறு மாதம் கழித்து வாங்கியவர் என்ன சொன்னார் என்று ஒவ்வொரு கத்திக்கும் ஒரு வரி. பெரிய தொழிற்சாலை இதைத்தான் செய்கிறது. ரப்பர் தொழிலாளிக்கும் பனையேறிக்கும் கொடுக்கும் கத்திக்கு நாம் செய்யாமலிருக்க ஒரு காரணமும் இல்லை.

எல்லாரும் ஆளுக்கொரு உலை கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை மூட்டினால் நாலைந்து யூனிட் மின்சாரம் ஆகும். அந்த ஒரு சூட்டிலேயே பத்துக் கத்திக்குத் தோய்ச்சல் போடலாம். பக்கத்துப் பக்கத்து ஊரில் இருப்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று கட்டுங்கள். இன்னும் உலை ஊதிக்கொண்டிருக்கும் ஆசாரி யாராவது உங்கள் ஊரில் இருந்தால் அந்தக் கூட்டில் அவரை முதல் ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிக்கத் தெரிந்த கை அவருடையது. அவர் சூட்டைக் கண்ணால் சொல்லட்டும், நீங்கள் கருவியைப் பாருங்கள். இருவரும் ஒரே எண்ணுக்கு வரும் நாள் சீக்கிரமே வரும். நான் சொன்னபடி மூன்று சூட்டில் தோய்த்து உடைத்த துண்டுகள் மூன்று அந்த மேசையில் இருக்கின்றன. எந்தத் துண்டு எத்தனை டிகிரி என்று நான் எழுதி வைக்கவில்லை. வந்து கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள், அங்கிருந்தே கேள்விகளைத் தொடங்குவோம்.